புகையிரதப் பாதைக்கு மேற்கே: உட்ரெக்ட் நகரின் லொம்பொக்

ஒல்லாந்தர் காலத்தைப் பாடமாக எடுக்கும்போது கோட்டை, கால்வாய், தோம்பு, ரோமன் டச்சுச் சட்டம் என்று நான்கைந்து சொல்லோடு முடித்துவிடுகிறோம். கிழக்கிலே அவர்கள் நடத்திய ஆட்சி அவர்களுடைய சொந்த ஊர்களில் என்ன அடையாளத்தை விட்டுச் சென்றது என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் சுவாரசியமான பதில்கள் கிடைக்கும். அவற்றில் ஒன்று நெதர்லாந்தின் நடுப்பகுதியில், உட்ரெக்ட் நகரில் இருக்கிறது. அங்குள்ள ஒரு குடியிருப்புக்கு லொம்பொக் என்று பெயர்.

லொம்பொக் என்பது இந்தோனேசியாவில் பாலித் தீவுக்குக் கிழக்கே இருக்கும் தீவு. அங்கு வாழும் சாசக் மக்களில் மிகப் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். உட்ரெக்ட்டின் லொம்பொக்கிலோ துருக்கியரும் மொரோக்கோக்காரரும் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்கிறார்கள். இரண்டு மினாராக்களோடு ஒரு பெரிய பள்ளிவாசலும் அங்கே நிற்கிறது. இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பார்த்தீர்களா, வரலாறு எப்படித் திரும்பி வந்தது" என்று எழுதிவிட யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்த வட்டாரம் உருவான கதையைப் படிக்கப் படிக்க, அப்படிச் சொல்வது அங்கு வாழ்ந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே படுகிறது.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உட்ரெக்ட் ரோமர் காலத்துப் பழைய ஊர். 112 மீற்றர் உயரமான டொம் கோபுரமும், வீட்டு அடித்தளத்தோடு ஒட்டிய படித்துறைகள் கொண்ட கால்வாய்களும் அதன் அடையாளம். 1843 இல் அம்ஸ்ரடாமிலிருந்து புகையிரதப் பாதை வந்தபோது நிலையத்தைப் பழைய நகரின் அகழிக்கு வெளியே, மேற்குப் பக்கத்தில் கட்டினார்கள். அதற்குப் பிறகு நகரத்து மனிதருடைய பேச்சில் பாதைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இரண்டு உலகம். அந்தப் பக்கம் வயலும் மர ஆலைகளும். லெய்டன் நகருக்குப் படகு போவதற்காக 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய லெய்ட்ஸ ரெய்ன் நீர்வழியும் அங்கேதான் ஓடியது. 1892 இல் இன்னும் மேற்கே மெர்வேட கால்வாய் திறக்கப்பட்டது. தண்டவாளத்துக்கும் இந்தக் கால்வாய்க்கும் இடைப்பட்ட நிலத்தில்தான், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, தொழிலாளருக்கான வீடுகள் வரிசை வரிசையாக எழும்பின. செங்கல் வீடுகள். முகப்பு ஒடுக்கம், வாசற்படி இறங்கினால் நேரே தெரு. புகையிரதப் பகுதியிலும் பட்டறைகளிலும் வேலை செய்த சனத்துக்குக் கட்டியவை அவை. அந்த இடத்தின் முதுகெலும்பு இன்றைக்கும் கனால்ஸ்திராட், அதாவது கால்வாய் வீதி.

தெருக்கள் பெருகினால் பெயர் வேண்டும். அந்தக் காலத்தில் நெதர்லாந்து முழுக்க மாநகர சபைகளுக்கு ஒரு பழக்கம் பிடித்திருந்தது. புதுக் குடியிருப்பு ஒன்று எழும்பினால் கிழக்கிந்தியத் தீவுகளின் பெயரை வரிசையாக எடுத்துச் சூட்டுவார்கள். அம்ஸ்ரடாமிலும் ஹேக்கிலும் ஹார்லெமிலும் அப்படியான வட்டாரங்கள் இருக்கின்றன. உட்ரெக்ட்டிலும் மொலுக்கன் வீதி, பில்லித்தொன் வீதி, பண்டுங் வீதி, லொம்பொக் வீதி என்று பலகைகள் ஏறின. பில்லித்தொன் தீவில் தகரம் தோண்டிய கூலியாளையோ, மொலுக்கஸில் கராம்பு பறித்தவரையோ வாழ்நாளில் ஒருமுறையும் காணாத உட்ரெக்ட் தொழிலாளி, காலையில் அந்தத் தெருக்களால் நடந்து வேலைக்குப் போனான்.

லொம்பொக் என்ற பெயருக்கு மட்டும் அன்றைய பத்திரிகைச் சூடும் இருந்தது. அந்தக் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் லொம்பொக் தீவை ஆண்டது பாலியிலிருந்து வந்த இந்து அரச குடும்பம். தலைநகரம் மாத்தாராம், பக்கத்திலே சக்ரநகரா. குடிமக்களில் பெரும்பாலோர் சாசக் முஸ்லிம்கள். வரிச்சுமையும், பாலியிலே அரசன் நடத்திய போருக்கு ஆள் பிடித்ததும் பொறுக்காமல் 1891 இல் கிழக்கு லொம்பொக்கில் சாசக் மக்கள் கிளர்ந்தார்கள். தனியே வெல்ல முடியாது என்று கண்ட சாசக் தலைவர்கள் ஒல்லாந்தரிடம் உதவி கேட்டார்கள். கேட்பதற்காகவே காத்திருந்தவர்கள் போல, 1894 ஜூலையில் பட்டாவியாவிலிருந்து படை வந்து இறங்கியது. அரசன் பணிந்தான்; படை மாத்தாராமுக்குப் பக்கத்திலேயே பாசறை போட்டு அசட்டையாக இருந்தது. ஓகஸ்ட் 25 இரவு பாலிப் படையினர் திடீரென்று பாய்ந்தார்கள். தளபதி வான் ஹாம் உட்பட ஏறத்தாழ நூறு பேர் மாண்டார்கள்.

நெதர்லாந்தில் இதை 'லொம்பொக் துரோகம்' என்றார்கள். வந்து இறங்கியவனை வீட்டுக்காரன் அடித்தால் அது எப்படித் துரோகம் என்று அங்கே அப்போது அதிகம் பேர் கேட்கவில்லை. மேலும் படை போனது. மாத்தாராம் தரைமட்டமானது. நவம்பரில் சக்ரநகரா விழுந்தது. கிழ அரசனைப் பட்டாவியாவுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருடமே அங்கு இறந்தான். அரண்மனையில் 230 கிலோ பொன்னும் 7000 கிலோவுக்கு மேற்பட்ட வெள்ளியும் அகப்பட்டன. தீயிலே போக இருந்த ஓலைச்சுவடிகளைப் படையோடு போன பிராண்டஸ் என்ற மொழியறிஞர் காப்பாற்றினார். மஜபாகித் பேரரசைப் பற்றிய 'நாகரகிரேத்தாகம' காவியம் அப்படித்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. கொள்ளையின் நடுவில் ஒருவர் ஏட்டைத் தேடியிருக்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாசக் மக்களுக்கு என்ன கிடைத்தது? பாலி அரசன் போனான். ஒல்லாந்த அதிகாரி வந்தான். புதிய ஆட்சி வரியைக் காசாகக் கேட்டது. அதைக் கட்ட நெல்லை விற்றுவிட்டு அரைவயிற்றோடு கிடந்த விவசாயிகளைப் பற்றிப் பிற்கால ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஓர் ஆண்டானை விரட்ட இன்னோர் ஆண்டானைக் கூப்பிட்ட கதை எங்கட தீவுக்கும் புதிதல்ல. போர்த்துக்கீசரை விரட்டக் கண்டி அரசன் இராஜசிங்கன் யாரைக் கூப்பிட்டான் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்படி வெற்றி விழாவின் சத்தம் அடங்காத வருடங்களில் எழும்பிய வீடுகளுக்குத்தான் லொம்பொக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதே வட்டாரத்தில் யான் பீட்டர்ஸோன் கூன் பெயரிலும் ஒரு வீதி உண்டு. 1621 இல் பண்டா தீவுகளில் சாதிக்காய் வியாபாரத்தைத் தனியுரிமையாக்க அந்த மண்ணின் மக்களில் பெரும்பகுதியைக் கொன்றும் பட்டினி போட்டும் அடிமையாக்கியும் ஒழித்த ஆள்நாயகம் அவன். 44 ஊர்ப் பெரியவர்களின் தலையைக் கூலிப்படையைக் கொண்டு வெட்டினான். பண்டாவும் முஸ்லிம் தீவுதான். கூன் பிறந்த ஹோர்ன் நகரில் அவனுக்குச் சிலை எழும்பிய வருடம் 1893. லொம்பொக் போருக்கு முந்திய வருடம். காலத்தின் மனப்போக்கு எப்படியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

பெயர் வைப்பது அதிகாரம். அதைச் சனம் எடுத்துக்கொள்வது வேறு கதை. கொழும்பிலே நீதிமன்றங்கள் இருக்கும் இடத்துக்கு ஒல்லாந்தர் தங்கள் தளபதி ஹுல்ஃப்டின் பெயரை வைத்தார்கள். 1656 இல் கொழும்பு முற்றுகையில் இறந்தவன் அவன். ஆங்கிலத்தில் இன்றும் ஹல்ஸ்டோர்ப் என்றுதான் எழுதுகிறார்கள். தமிழிலோ அது புதுக்கடை. சிங்களத்திலும் அலுத்கடே. தளபதியை இரண்டு மொழிக்காரரும் கண்டுகொள்ளவே இல்லை, கடையைத்தான் கண்டார்கள். கொம்பனித்தெருவிலோ மறுபக்கம். கும்பனியின் பெயரும் நின்றது, அவர்கள் தூரத் தீவுகளிலிருந்து கொண்டுவந்த மனிதரின் நினைவு ஜாவா ஒழுங்கையிலும் நின்றது. மக்கசாரின் ஷெய்கு யூசுபை 1684 இல் இலங்கைக்கு நாடுகடத்தி, பிறகு 1694 இல் இங்கிருந்தும் கேப் முனைக்கு அனுப்பியது இதே கும்பனிதான். எங்கட மலாய் சகோதரர்களின் முன்னோரில் பலர் இப்படி வந்தவர்கள். ஆகவே லொம்பொக், பண்டா, மொலுக்கஸ் என்ற பெயர்கள் எங்களுக்கு முற்றிலும் அந்நியமல்ல.

இன்னொரு சிறு உறவும் உண்டு. லொம்பொக்கின் ஓரத்தில், லெய்ட்ஸ ரெய்ன் நீர்க்கரையில், நாணய வார்ப்புச்சாலைக்கென்று 1911 இல் கட்டிய பெரிய கட்டடம் நிற்கிறது. உட்ரெக்ட் அதற்கு முன்பிருந்தே நாணயம் அடித்த நகரம். கும்பனியின் செப்புக் காசுகளில் உட்ரெக்ட்டின் முத்திரை பொறித்தவையும் உண்டு. அவை இங்கேயும் புழங்கின. அந்தக் காசுக்கு அவர்கள் வைத்த பெயர் 'டௌட்'. எங்கட வாயிலே அது துட்டு. கந்தோர், கக்கூசு என்ற சொற்களோடு துட்டையும் அவர்கள் விட்டுப் போனார்கள், சொல்லைத்தான் சொல்கிறேன்.

இனி இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய கதைக்கு வருவோம். 1949 இல் இந்தோனேசியாவின் சுதந்திரத்தை நெதர்லாந்து ஏற்றது. 1951 இல், ஒல்லாந்தப் படையில் இருந்த மொலுக்கஸ்காரர் குடும்பங்களோடு ஏறத்தாழ 12,500 பேர் கப்பலில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், சிறு தொகையினர் முஸ்லிம்கள். அந்த முஸ்லிம்களை வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் வைல்டெமார்க் என்ற முகாமில் வைத்தார்கள். உட்ரெக்ட் லொம்பொக்கின் கதை அவர்களோடு தொடங்கவில்லை. தொடங்கியது தொழிற்சாலையில்.

அறுபதுகளில் நெதர்லாந்துக்கு ஆள் தட்டுப்பாடு. 1960 இல் இத்தாலியோடும் 1961 இல் ஸ்பெயினோடும் 1964 இல் துருக்கியோடும் 1969 இல் மொரோக்கோவோடும் அரசு ஒப்பந்தம் செய்தது. உட்ரெக்ட்டின் வடமேற்கிலே டெம்கா உருக்காலையும் வெர்க்ஸ்பூர் புகையிரதப் பெட்டித் தொழிற்சாலையும் இருந்தன. வந்தவர்களுக்கு 'விருந்தாளித் தொழிலாளர்' என்று பெயர். விருந்தாளி என்றால் ஒருநாள் போய்விடுவான் என்பதுதான் அதன் உட்பொருள். மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்பிப் பழகிய எங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே விளங்கும். ஓர் அறையில் பலர், கட்டில் பங்கு, மாதம் முடிய ஊருக்குப் பணம்.

1973 எண்ணெய் நெருக்கடியோடு ஆட்சேர்ப்பு நின்றது. இங்கேதான் திருப்பம். திரும்பிப் போனால் மறுபடி வர விடமாட்டார்கள் என்று கண்டவர்கள் போகாமல் மனைவி மக்களை அழைத்தார்கள். குடும்பத்துக்கு வீடு வேண்டும். அந்த நேரம் பார்த்து லொம்பொக்கின் பழைய குடிகள் வெளியேறிக் கொண்டிருந்தார்கள். நகருக்குத் தெற்கே நியூவெகெய்ன், ஹௌட்டன் என்று தோட்டமும் குளியலறையும் உள்ள புது வீடுகள் எழும்பின. வசதி வந்த தொழிலாளி அங்கே போனான். எஞ்சியது நூறு வருடத்தை எட்டும் ஈரச்சுவர் வீடுகள். மலிவு. கடன் வாங்கியாவது வாங்கலாம். துருக்கியரும் மொரோக்கோக்காரரும் வந்து சேர்ந்தது இப்படித்தான். "அவர்கள் வந்ததால் எங்கட ஆக்கள் போனார்கள்" என்று பின்னால் ஒரு கதை உருவானது. வந்ததும் போனதும் கலந்து நடந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வெற்றிடம் முதலில் உண்டானது என்பதை அந்தக் கதை சொல்வதேயில்லை. ஒரு சிறுபான்மை ஓரிடத்தில் அடர்ந்து வாழ்ந்தால் 'தாங்களாகவே ஒதுங்கினார்கள்' என்ற பேச்சு எங்கும் உண்டு. எந்த வீடு அவர்களுக்கு வாங்கக் கிடைத்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

அதே எழுபதுகளில் நகரத் திட்டமும் லொம்பொக்குக்கு நல்லது செய்யவில்லை. நிலையத்தோடு சேர்த்து ஹூக் கதரெய்ன என்ற மாபெரும் கடைத்தொகுதியை 1973 இல் திறந்தார்கள். பழைய நகரின் அகழியில் ஒரு பகுதியைத் தூர்த்து மோட்டார் வீதி போட்டார்கள். லொம்பொக்கின் வாசலில் வெஸ்ட்பிளெய்ன் என்ற சந்தி வாகனக் காடானது. ஏற்கனவே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கிடந்த இடம் இன்னும் தூரமானது. டெம்காவும் வெர்க்ஸ்பூரும் சுருங்கி மூடின. வேலை போனவர்கள் என்ன செய்வார்கள்? கடை போட்டார்கள். கால்வாய் வீதியில் துருக்கி வெதுப்பகமும் ஹலால் இறைச்சிக் கடையும் நடைபாதையில் மரக்கறிப் பெட்டிகளும் வந்தது அந்தத் தேவையால்தான். 1975 இல் சுதந்திரம் பெற்ற சுரினாமிலிருந்து வந்தவர்களும் உட்ரெக்ட்டில் சேர்ந்தார்கள். ஒல்லாந்தச் சமையலில் 'லொம்பொக்' என்றால் சிவப்புக் கொச்சிக்காய். கொச்சிக்காய் விற்காத தெருவுக்கு அந்தப் பெயர் முதலில் வந்தது. கொச்சிக்காய் பிறகு வந்தது.

சுரினாம் என்றதும் ஒரு கிளைக்கதை. 1890 முதல் 1939 வரை முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜாவாக்காரரைக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒல்லாந்தர் அங்கே ஏற்றினார்கள். ஜாவாவில் கிப்லா மேற்கே. அமெரிக்கக் கரையில் இருக்கும் சுரினாமிலோ அது கிழக்கே. ஆனாலும் பலர் பழக்கப்படி மேற்கே பார்த்தே தொழுதார்கள். மேற்குத் தொழுகையார், கிழக்குத் தொழுகையார் என்று பிரிவும் உண்டானது. கிழக்கே திரும்பச் சொன்னபோது பாட்டன் பார்த்த திசையைக் கைவிட மறுத்த அந்தக் கிழவர்களின் பிடிவாதத்தைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

லொம்பொக்கில் துருக்கியரின் பள்ளி நெடுங்காலம் பழைய கட்டடத்தில் இயங்கியது. வெஸ்ட்பிளெய்ன் பக்கம், கால்வாய் வீதி தொடங்கும் இடத்தில், புதிய பள்ளிவாசல் கட்டி முடிய வருடங்கள் எடுத்தன. 2015 இல் உலு பள்ளிவாசல் திறந்தது. துருக்கி மொழியில் உலு என்றால் பெரியது. நிலையத்திலிருந்து மேற்கே இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதன் முகவரியை மாநகர சபை பதிந்திருப்பது மொஸ்கேபிளெய்ன் என்று: பள்ளிவாசல் சதுக்கம். பாங்கைப் பொறுத்தவரை 1988 இன் சட்டமே தேவாலய மணிக்குச் சமமாக அதை வைத்திருக்கிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம் என்பதை மட்டுமே மாநகர சபை ஒழுங்கு செய்யலாம்.

லொம்பொக்கின் இன்னொரு அடையாளத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 18ஆம் நூற்றாண்டின் 'டி ஸ்டெர்' என்ற மரம் அரியும் காற்றாலை அங்கே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்பகுதியை இடித்துவிட்டார்கள். எஞ்சிய அடிக்கட்டும் நகரப் புதுப்பிப்பில் போக இருந்ததைக் குடியிருப்பாளர்கள் விடாப்பிடியாக நின்று தடுத்து, தொண்ணூறுகளின் கடைசியில் காற்றாலையை மறுபடி எழுப்பினார்கள். இன்று ஒரே வட்டாரத்தில் காற்றாலையின் இறக்கையும் மினாராவும்.

இனி நான் தொடக்கத்தில் மறுத்த விடயத்துக்கு வருகிறேன். இதை ஏன் 'வரலாற்றின் பழிதீர்ப்பு' என்று சொல்லக்கூடாது? துருக்கியை ஒல்லாந்தர் ஆளவில்லை. மொரோக்கோவை ஆண்டவர் பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும். உட்ரெக்ட்டில் வீடு வாங்கிய அனத்தோலியத் தொழிலாளிக்கும் 1894 இல் எரிந்த மாத்தாராமுக்கும் ஒரு கணக்கும் இல்லை. முஸ்லிம் என்ற ஒரு சொல்லை வைத்து இரண்டையும் முடிச்சுப் போட்டால், சாசக் மனிதனும் மறைந்துபோகிறான், துருக்கித் தொழிலாளியும் மறைந்துபோகிறான். எங்களை எல்லாம் ஒரே கூட்டமாகப் பார்க்கும் பகைவன் செய்வதும் அதைத்தானே. லொம்பொக்கின் கடனுக்கு உரியவர்கள் லொம்பொக் தீவில் இருக்கிறார்கள்.

அந்தக் கடனில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. புதையலின் ஒரு பகுதி 1977 இல் இந்தோனேசியாவுக்குப் போனது. 2023 ஜூலையில் நெதர்லாந்து அரசு 478 பொருட்களைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்தது. அதில் 335 லொம்பொக் புதையலைச் சேர்ந்தவை. மீதியில் ஆறு எங்களுடையவை. 1765 இல் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துப்போன, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி அவற்றில் ஒன்று. அம்ஸ்ரடாம் அரும்பொருட்சாலையில் கிடந்தது, அந்த வருட இறுதியில் கொழும்புக்கு வந்தது. சக்ரநகராவுக்கும் கண்டிக்கும் ஒரே நாளில் ஒரே தாளில் தீர்ப்பு எழுதினார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியவில்லை. பத்திரிகைகள் பீரங்கியைப் படம் போட்டன, லொம்பொக்கைச் சொல்லவில்லை. உட்ரெக்ட் நகரமும் அடிமை வியாபாரத்தில் தன் பங்குக்காக 2022 பெப்ரவரியில் நகரபிதாவின் வாயால் மன்னிப்புக் கேட்டது. கூன் வீதி கூன் வீதியாகவே இருக்கிறது.

இன்றைய லொம்பொக்கின் கவலை வேறு. யாரும் வேண்டாம் என்று விட்டுப்போன வீடுகளுக்கு இன்று போட்டி. நிலையத்துக்கு நடை தூரம், பல்கலைக்கழக நகரம், பழைய செங்கல் முகப்பின் அழகு. படித்த இளம் தம்பதிகள் வந்து வாங்குகிறார்கள். எழுபதுகளில் வாங்கி வைத்திருந்தவர் நல்ல விலைக்கு விற்கலாம். அவருடைய பிள்ளைகள் அதே தெருவில் வாங்க முடியாது. மரக்கறிக் கடை இருந்த இடத்தில் கோப்பிக் கடை வருகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த இடம் பிடிப்பதே அந்த மரக்கறிப் பெட்டிகளால்தான் என்பது விசித்திரம். கடைக்காரரின் மகன் கடையை எடுப்பானா, கணக்காளராகப் போவானா என்பதும் இதில் சேர்த்தி. போனால் குறை சொல்ல முடியாது, அதற்காகத்தானே வாப்பா இரவு பகல் பாராமல் நின்றார்.

தூர்த்த அகழியை உட்ரெக்ட் மறுபடி தோண்டி 2020 இல் தண்ணீர் விட்டுவிட்டது. அடுத்தது வெஸ்ட்பிளெய்ன். மோட்டார் வீதியை ஒடுக்கி, லெய்ட்ஸ ரெய்ன் நீரை மீண்டும் கொண்டுவந்து, சுற்றிவர வீடுகள் கட்டி, பள்ளிவாசலுக்கு முன்னே நடக்கக்கூடிய சதுக்கம் ஒன்று அமைப்பது திட்டம். அதற்கு வைத்திருக்கும் பெயர் லொம்பொக்பிளெய்ன். அந்த வீடுகளில் எத்தனையைச் சாதாரண வருமானக்காரருக்கு ஒதுக்குவது என்பதில்தான் இப்போதைய பேச்செல்லாம்.